கழுவிக் கழுவியே மீனைக் கொன்றேன்!

இந்தப் பகுதியை நான் ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவள். வடகம் காய வைப்பதிலிருந்து வாடகை வீட்டுப் பிரச்னை வரை எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள். நான் பத்தாவது வரை படித்தவள், எழுதிப் பழக்கம் கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டு மீன் தொட்டிக் கதையை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. ஏனென்றால், அதில் குற்றவாளியே நான்தான்.

எங்கள் வீடு சென்னையில் கொளத்தூர் பக்கம். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன இடம். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் மீன் கடை இருந்தால் பிள்ளைகளைக் கேட்கவா வேண்டும்? ஒன்பதாவது பிறந்தநாளுக்கு, "டிரஸ் வேணாம், கேக் வேணாம், மீன் தொட்டிதான் வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றான் என் பையன். என்னவரும் மனசு இளகி, 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தார். கூடவே நாலு கோல்டு ஃபிஷ், கலர் கல் இரண்டு கிலோ, பிளாஸ்டிக் செடி இரண்டு. வீடே அழகாகிவிட்டது.

எனக்குச் சுத்தம் என்றால் உயிர். அடுப்பு மேடையில் ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் தூக்கம் வராது. தொட்டியில் லேசாக அழுக்குத் தெரிந்தால் சும்மா இருப்பேனா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீனையெல்லாம் பக்கெட்டில் விட்டு, தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல்லைச் சோப்புத் தூள் போட்டு அலசி, மோட்டாரில் இருக்கும் பஞ்சைக் குழாயில் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பி மீனை விடுவேன். பளபளவென்று இருக்கும். வருகிறவர்கள் எல்லாம், "எவ்வளவு நீட்டா வச்சிருக்கீங்க!" என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

ஆனால் செவ்வாய், புதன் ஆனால் ஒரு மீன் மல்லாந்து மிதக்கும்.

இரண்டே மாதத்தில் 11 மீன்கள் செத்தன. ஒவ்வொரு தடவையும் பையன் அழுது, சாப்பிடாமல், அதைச் செம்பருத்தித் தொட்டியில் புதைப்பான். மீன் வாங்கிய கடையில் போய்ச் சொன்னால் ஒரு நீல மருந்து பாட்டிலும் இரண்டு புது மீனும் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டார்களே தவிர, என்ன தப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் என்னவர், "இன்னொரு மீன் செத்தா தொட்டியைத் தூக்கி வித்துடுவேன். பையன் அழறதைப் பார்க்க முடியலை" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து என் மாமியார் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் தொட்டியோடு மல்லுக்கட்டுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "ஏம்மா, நம்ம ஊர்க் குளத்தை யாரு சோப்புப் போட்டுக் கழுவுறாங்க? அதுல மீன் இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க அந்தக் கேள்வியே மண்டைக்குள் ஓடியது.

மறுநாள் எங்கள் பின்தெருவில் சிமெண்ட் தொட்டிகளில் மீன் வளர்க்கும் ஒரு பெரியவரிடம் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நோயால சாகலைம்மா, நீங்க கழுவினதால செத்துது" என்றார். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

மீனின் கழிவிலிருந்தும், மூச்சு விடும் செவுளிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது மீனுக்கே விஷம். கல்லிலும் பஞ்சிலும் கண்ணுக்குத் தெரியாத நல்ல பாக்டீரியாக்கள் குடியேறி, அந்த அம்மோனியாவை நைட்ரைட் ஆகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆகவும் மாற்றுகின்றன. தயிருக்கு உறை மோர் மாதிரிதான். ஆனால் இவை சேர்ந்து பெருக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நான் வாராவாரம் சோப்பும் குளோரின் தண்ணீரும் போட்டு அவற்றை ஒட்டுமொத்தமாகக் கொன்றிருக்கிறேன்! போதாததற்கு அந்தச் சின்னத் தொட்டிக்கு நாலு கோல்டு ஃபிஷ் மிக அதிகமாம். அவை நிறைய கழிவு போடும் ஜாதியாம்.

"பிளாஸ்டிக் செடியை எடுத்துட்டு உயிருள்ள செடி வைங்க. அம்மோனியாவையே அது உரமா உறிஞ்சிக்கும்" என்றார் பெரியவர். அத்தை உடனே, "நான் அப்பவே சொன்னேனே, குளத்துல பாசி இருக்குல்ல" என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இனி எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். செடியிலும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

முதலில் கடைக்குப் போனதும் சிவப்பு இலையோடு இருந்த ஒரு செடி கண்ணைப் பறித்தது. 80 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பத்தே நாளில் கொழகொழவென்று அழுகிப் போனது. சிவப்பு ஜாதிச் செடிகளில் பலவற்றுக்கு அதிக வெளிச்சமும் தனிக் கவனிப்பும் வேண்டுமாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பக்கமே போக வேண்டாம். அடுத்து 'லக்கி பேம்பூ'வை முழுக்கத் தண்ணீருக்குள் முக்கி வைத்தேன். அதுவும் அழுகியது. அதன் வேர் தண்ணீரில் இருக்கலாம், இலை வெளியில்தான் இருக்க வேண்டும். மீன் கடையில் விற்கிறார்கள் என்பதற்காக எல்லாமே நீர்ச்செடி ஆகிவிடாது சகோதரிகளே, கேட்டு வாங்குங்கள்.

பெரியவர் சொன்னபடி பிறகு வாங்கியது நாலே வகை. ஹைட்ரில்லா ஒரு கட்டு. ஊர்க் குளத்தில் இறங்கினால் காலைச் சுற்றிக்கொள்ளுமே, அந்தப் பாசிதான். அத்தை பார்த்ததும், "இதுக்கா காசு குடுத்தே?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்தது வாலிஸ்நேரியா, நீள நீளமாக நாடா மாதிரி இலை. அப்புறம் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ். இந்த நாலுக்கும் தனியாக உரம் வேண்டாம், மீன் கழிவே போதும். பூந்தொட்டி மண், யூரியா எதையும் தொட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

நடுவதில்தான் சூட்சுமம். மண் இரண்டு, இரண்டரை அங்குல உயரம் இருந்தால் வேர் பிடிக்கும். கொஞ்சம் பரும்படியான ஆற்று மணலை வெறும் தண்ணீரில் பலமுறை அலசிப் போட்டேன். கல் போடுகிறவர்கள் அதன்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கடினமாக்கிவிடும். வாலிஸ்நேரியாவின் வேரை மட்டும் புதைத்து, இலை கிளம்பும் குருத்துப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஜாவா ஃபெர்னுக்கும் அனுபியாஸுக்கும் இஞ்சித் துண்டு மாதிரி ஒரு தண்டு இருக்கும், அதைப் புதைக்கவே கூடாது. நான் நல்லது செய்வதாக நினைத்து ஆழமாகப் புதைத்து ஒரு அனுபியாஸை அழுகவிட்டேன். பிறகு பூக்கட்டும் நாரால் கட்டினேன், அதுவும் இற்றுப் போனது. கடைசியில் தையல் நூலால் கல்லோடு சேர்த்துக் கட்டியதும் நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் வேர் தானாகவே கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

புதுச் செடி வைத்த இரண்டு வாரத்தில் பழைய இலை பழுத்துக் கரைந்தால் பயப்படாதீர்கள். பண்ணையில் பல செடிகளைத் தண்ணீருக்கு வெளியே வளர்க்கிறார்களாம். தண்ணீருக்குள் வந்ததும் அந்த இலைகளை விட்டுவிட்டு, புது இலை விடும். கரைந்ததைக் கத்தரித்து எடுத்துவிட்டுப் பொறுமையாக இருந்தால் போதும். இது தெரியாமல் நான் ஒரு நல்ல செடியைக் குப்பையில் போட்டேன்.

வெயில் பட்டால் செடி நன்றாக வளருமே என்று தொட்டியை ஜன்னலோரம் நகர்த்தியது இன்னொரு கூத்து. ஒரே வாரத்தில் தண்ணீர் பச்சைப் பயறு ஊறவைத்த மாதிரி ஆகிவிட்டது. நேர் வெயில் பட்டால் வேண்டாத பாசி பிடித்துக்கொள்ளும். மறுபடி உள்ளே நகர்த்தி, எல்.இ.டி. விளக்கைத் தினமும் 7 மணி நேரம் மட்டும் போட்டேன், சரியானது. (நகர்த்தும்போது தண்ணீரை இறைத்துவிட்டு நகர்த்துங்கள். இந்த அளவுத் தொட்டி 56 லிட்டர் பிடிக்கும், அவ்வளவு கிலோ கனம். கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுவதும் முக்கியம்.)

ஒரு நாள் விடியற்காலை மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்கு உயிரே போய்விட்டது. கரண்ட் பில் மிச்சம் என்று ராத்திரியில் காற்று மோட்டாரை நான் நிறுத்தி வைத்ததுதான் காரணம். வெளிச்சத்தில் பிராணவாயு கொடுக்கும் செடி, இருட்டில் மீனோடு சேர்ந்து அதையே எடுத்துக்கொள்ளும். ராத்திரியில் மரத்தடியில் படுக்காதே என்று பெரியவர்கள் சொல்வது நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து ராத்திரியில் மோட்டார் ஓடுகிறது.

கோல்டு ஃபிஷ் இரண்டு மிச்சம் இருந்தன. அவை ஹைட்ரில்லாவைக் கீரை மாதிரி மேய்ந்து, மற்றதைப் பிடுங்கிப் போட்டன. செடித் தொட்டிக்கு அவை சரிப்படாது என்று பெரியவரின் சிமெண்ட் தொட்டிக்கே அனுப்பிவிட்டோம். பையன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனால் நினைத்தபோது போய்ப் பார்க்கலாம் என்றதும் சமாதானம் ஆனான். செடி வைத்து ஒரு மாதம் கழித்து 6 கப்பி மீன்கள் விட்டோம். ஒரே நாளில் இல்லை, வாரத்துக்கு இரண்டாக.

இப்போது நான் வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் எடுக்கிறேன். குழாய்த் தண்ணீரை முந்தின நாளே பக்கெட்டில் பிடித்துத் திறந்து வைத்து விடுகிறேன். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு. பஞ்சை, எடுத்த அதே பழைய தண்ணீரில் லேசாகப் பிழிகிறேன், சோப்பே கிடையாது. எடுத்த தண்ணீரை என் ரோஜாச் செடிக்கு ஊற்றுகிறேன், என்னமாய்ப் பூக்கிறது தெரியுமா! கண்ணாடி ஓரத்தில் கொஞ்சம் பாசி இருக்கத்தான் செய்கிறது. செடியோடு வந்த நத்தைகளும் நாலைந்து ஊர்கின்றன. முன்பு போல் இருந்தால் என் கை பரபரக்கும். இப்போது பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறேன்.

எட்டு மாதமாக ஒரே ஒரு மீன்தான் செத்திருக்கிறது, அதுவும் தொட்டியிலிருந்து வெளியே குதித்து. மூடி போட மறந்தது என் தப்பு.

போன மாதம் ஒரு கப்பி குட்டி போட்டது. கப்பி தன் குட்டியையே தின்றுவிடுமாம், ஆனால் ஹைட்ரில்லா புதருக்குள் ஓடி ஒளிந்து நிறைய குட்டிகள் தப்பித்துவிட்டன. ஊருக்குக் கிளம்ப இருந்த அத்தை, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்கினார். "பதினாலு... இல்லைடா, அந்தக் கல்லுக்குப் பின்னாடி இன்னும் மூணு" என்று பாட்டியும் பேரனும் ஒரு மணி நேரம். பயணம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போனது.

குட்டி அதிகமானதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு மீனும் ஒரு கொத்துச் செடியும் கொடுத்தேன். கூடவே ஒரு கண்டிஷன் போட்டேன்: வேண்டாம் என்றால் என்னிடமே திருப்பித் தர வேண்டும், ஏரியிலோ குளத்திலோ விடக்கூடாது. நம் ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடிதான்.

நேற்று ஊரிலிருந்து அத்தை போன் செய்தார். "கழுவலையே?" என்பதுதான் முதல் கேள்வி.

- ஒரு வாசகி, கொளத்தூர், சென்னை.