சக்தி ஒன்று, அளவைகள் பல

நெல்லை மரக்காலால் அளப்பாரும் உளர். தராசில் நிறுப்பாரும் உளர். அளவை வேறாயினும் நெல் ஒன்றே. சக்தியும் அத்தகையதே. உணவுக்குக் கலோரி, மின்சாரத்திற்கு யூனிட், பளுவைத் தூக்கும் வேலைக்கு ஜூல் என அளவைகள் பலவாயினும், அவற்றால் அளக்கப்படுவது ஒன்றே என நாம் உணர்தல் வேண்டும்.

இவ்வுண்மை எளிதிற் பெறப்பட்டதன்று. முன்னர் அறிஞர் பலர் உஷ்ணத்தை ஒருவகை நுண்ணிய திரவமென்றே கருதினர். மாஞ்செஸ்டர் நகரை அடுத்து வாழ்ந்த ஜேம்ஸ் ஜூல் என்பார், கீழிறங்கும் எடைகளைக் கொண்டு நீரினுள் துடுப்புகளைச் சுழலச் செய்து, அந்நீர் எவ்வளவு சூடேறுகின்றதென நுட்பமாய் அளந்தார். 772 இராத்தல் எடை ஓர் அடி இறங்குவதால் உண்டாகும் வேலை, ஓர் இராத்தல் நீரை ஒரு பாரன்ஹீட் பாகை சூடாக்கும் என்று 1850-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று நாம் கொள்ளும் எண் ஏறக்குறைய 778. அவர் பெயரையே பின்னோர் சக்தியின் அளவைக்கு இட்டனர்.

இனி, ஓர் அளவையை மற்றொன்றாக மாற்றும் முறையைக் காண்போம். ஒரு வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல். 1,000 வாட் அடுப்பு ஒரு மணி நேரத்தில், அஃதாவது 3,600 விநாடியில், கொள்ளும் மின்சாரமே ஒரு யூனிட். எனவே அது 36,00,000 ஜூல் ஆகும். ஒரு கிராம் நீரை ஒரு சென்டிகிரேட் பாகை சூடாக்கும் கலோரி, ஏறக்குறைய 4.184 ஜூல். உணவைப்பற்றிப் பேசுங்கால் கலோரி எனப்படுவதோ இதனின் ஆயிரமடங்கு. அதனைக் கிலோகலோரி என்பர். இவ்வாயிரத்தை மறந்தார் கணக்கு முற்றும் பிழைபடும். 36,00,000-ஐ 4,184-ஆல் வகுப்பின், ஒரு யூனிட் ஏறக்குறைய 860 கிலோகலோரி எனப் பெறப்படும்.

இக்கணக்கின் பயன் யாதெனின், கூறுவோம். ஒரு யூனிட் சிறிதும் வீணாகாதாயின், 30 பாகையிலுள்ள 12 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணரும். அதே சக்தி 50 கிலோகிராம் மூட்டையை 10 மீட்டர் உயரத்திற்கு 730 முறைக்குமேல் ஏற்றவல்லது. நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி உண்பவர் பெறும் சக்தியோ இரண்டேகால் யூனிட்டினும் சற்றே மிகுதி. அதிலும் பெரும்பகுதி உடலின் வெம்மையாகவே கழிய, எஞ்சிய சிறுபகுதியைக் கொண்டே உழைப்பாளர் பகல்முழுதும் சுமை சுமக்கின்றனர்.

அளவைகளை ஒன்றாக்கி நோக்காவிடின் இது நமக்குப் புலப்படாது. ஆளில்லா அறையில் எரியும் விளக்கை அணைத்தல் அற்பக் காரியமாகத் தோன்றலாம். ஒரு யூனிட்டினுள் எத்தனை மூட்டைச் சுமை அடங்கியுள்ளது என்றறிந்த நாம், அதனை அணையாது அப்பாற் செல்லுதல் தகாது.