கடலில் விழுந்த குப்பையும் கணக்கில் விழுந்த ஓட்டையும்

1991-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளுக்கு அப்பால் 'ரீகல் பிரின்சஸ்' என்ற உல்லாசக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. ஊழியர்கள் குப்பைப் பைகளைக் கடலில் தூக்கி எறிவதைப் பயணிகளாக வந்த ஒரு தம்பதி பார்த்தார்கள், வீடியோ எடுத்துவிட்டார்கள். 1993-இல் கப்பல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

பயணிகள் இருந்ததால் மாட்டிக்கொண்டார்கள். சரக்குக் கப்பலில் இருப்பதோ இருபது சொச்சம் பேர். எல்லாரும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். நடுக்கடலில், நள்ளிரவில் ஒரு மூட்டை விழுந்தால் யாருக்குத் தெரியும்?

விதி என்னவோ கறாரானதுதான். கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு, 1988 டிசம்பர் 31 அன்று அமலுக்கு வந்தது. அதன்படி பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் போடக் கூடாது. 2013-இல் இன்னும் இறுக்கினார்கள்: கண்ணாடி, தகரம், காகிதம், குப்பை எரித்த சாம்பல், சமையல் எண்ணெய் எதற்கும் இப்போது அனுமதி இல்லை. சாப்பாட்டு மிச்சத்துக்குச் சலுகை உண்டு. 25 மில்லிமீட்டர் சல்லடைக் கண்ணில் இறங்கும்படி அரைத்தால் கரையிலிருந்து 3 கடல் மைல் தாண்டிக் கொட்டலாம்; அரைக்காவிட்டால் 12 மைல் போக வேண்டும். மத்தியதரைக் கடல், பால்டிக் போன்ற சிறப்புப் பகுதிகளில் அரைத்திருந்தாலும் 12 மைல்தான்.

இதைக் கண்காணிக்கும் முக்கியக் கருவி ஒரு நோட்டு. பெயர், குப்பைப் பதிவேடு. கொட்டினாலும், எரித்தாலும், துறைமுகத்தில் இறக்கினாலும் தேதி, நேரம், இடம், வகை, எத்தனை கன மீட்டர் என்று எழுதிப் பொறுப்பதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். பக்கம் நிறைந்ததும் கேப்டன் கையெழுத்து. கடைசிப் பதிவுக்குப் பின் 2 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

துறைமுகத்தில் ஏறும் ஆய்வாளர் இந்த நோட்டைத்தான் கேட்பார். இருபது பேர் ஒரு மாதம் சாப்பிட்ட கப்பலில் பிளாஸ்டிக் கணக்கு எப்படிப் பூஜ்யம்? இறக்கியதற்கு ரசீது எங்கே? தினமும் எரித்ததாக எழுதியிருக்கிறதே, உலைக்குள் தூசு படிந்து கிடக்கிறதே? சரக்கு இருப்பும் விற்பனையும் ஒத்துப்போகாத மளிகைக் கடைக்காரர் விழிக்கிற விழி அங்கே தெரியும்.

சர்வதேசக் கடலில் நடந்த குற்றத்துக்கு வழக்குப் போடும் பொறுப்பு அந்தக் கப்பலின் கொடி நாட்டுக்கு, அதாவது கப்பல் பதிவான நாட்டுக்கு. பனாமா, லைபீரியா கொடியைப் பறக்கவிட்டு, அந்த மண்ணைத் தொடாமலே ஓடும் கப்பல்கள் ஏராளம். அமெரிக்கா இதைச் சாமர்த்தியமாகச் சுற்றி வந்தது. கொட்டியதற்காக இல்லை, பொய்க் கணக்கோடு தன் துறைமுகத்துக்குள் வந்ததற்காக வழக்கு! அபராதத்தில் பாதி வரை துப்புக் கொடுத்தவருக்கு வழங்கவும் அங்கே சட்டம் இடம் தருகிறது. சம்பளத்துக்குப் பயந்து வாயை மூடியிருக்கும் மாலுமிக்கு இதைவிட நல்ல ஊக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அபராதம் மட்டும் போதாது என்பதற்கு 'ரீகல் பிரின்சஸ்' கப்பலின் அதே நிறுவனமே சாட்சி. எண்ணெய்க் கழிவு வழக்கில் 4 கோடி டாலர் அபராதத்துக்குப் பிறகு கண்காணிப்பில் இருந்த காலத்திலேயே, தாய் நிறுவனமான கார்னிவலின் கப்பல் பஹாமாஸ் கடலில் உணவு மிச்சத்தோடு பிளாஸ்டிக்கையும் கொட்டியது. இதற்கும் பதிவேட்டில் எழுதிய பொய்களுக்கும் சேர்த்து 2019-இல் இன்னொரு 2 கோடி டாலர்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழி பிடித்தது. அங்கே துறைமுகத்துக்கு வரும் கப்பல் குப்பையை இறக்கினாலும் இறக்காவிட்டாலும் கட்டணம் கட்டியாக வேண்டும். கடலில் போட்டு மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.