வாயில்லாப் பூச்சி

மழைக்காலம் வந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையோர ஊர்களிலிருந்து ஒரே மாதிரிப் படங்கள் வரும். வீட்டுச் சுவரில் கையகலப் பூச்சி ஒன்று. கீழே 'ராட்சத வண்ணத்துப்பூச்சி' என்று ஒரு வரி. அது வண்ணத்துப்பூச்சி அல்ல, அட்லஸ் அந்துப்பூச்சி. மரங்களுக்கிடையே இரவில் திரிவதால் நம் கண்ணில் அதிகம் படுவதில்லை.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இனம் அட்டாகஸ் டாப்ரோபானிஸ். இதன் நெருங்கிய சொந்தமான அட்டாகஸ் அட்லஸ் இந்தோனேசியத் தீவுகள் வரை பரவியிருக்கிறது. சிறகு விரித்தால் 24 செ.மீ. வரைகூட இருக்கும்.

அருகில் போய்ப் பாருங்கள். செம்பழுப்புச் சிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் செதிலே இல்லாத முக்கோணம்; அதன் வழியே சுவர் தெரியும். முன்சிறகின் நுனி அப்படியே பாம்பின் தலை, கண்ணும் வாய்க்கோடும் உட்பட. சீண்டினால் தரையில் விழுந்து சிறகை மெல்ல அசைக்கும். அப்போது அந்தப் 'பாம்பு' நெளியும்.

இத்தனை பெரிய உடம்புக்குச் சாப்பிட வாய் கிடையாது. ஒன்றிரண்டு வாரம்தான் ஆயுள். அதற்கான சக்தி முழுவதையும் புழுவாக இருந்தபோதே சேர்த்து வைத்திருக்கிறது. இலைகளில் இடப்பட்ட முட்டை சுமார் இரண்டு வாரத்தில் பொரிகிறது. வெண்மாவு பூசியது போன்ற பச்சைப் புழு, இலவங்கப்பட்டை, கொய்யா, எலுமிச்சை வகை இலைகளைத் தின்று விரல் நீளத்தைத் தாண்டி வளர்கிறது. பிறகு இலையைச் சுருட்டிப் பழுப்புப் பட்டால் கூடு கட்டுகிறது. இலை உதிர்ந்தால் கூடும் விழுந்துவிடுமே? அதனால் காம்பையும் கிளையோடு சேர்த்துப் பட்டால் கட்டிவிடுகிறது! இந்த முன்யோசனைக்கு முன்னால் சிறகின் அழகுகூட எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

சுமார் நான்கு வாரம் கழித்து, சில சமயம் அதற்கும் வெகுநாள் கழித்து, வெளியே வரும் பெண் பூச்சி அதிக தூரம் போவதில்லை. கூட்டின் அருகிலேயே தொங்கியபடி இரவில் வாசனையைப் பரப்பும். ஆண், இறகு போன்ற அகன்ற உணர்கொம்புகளால் அதை மோப்பம் பிடித்துத் தேடி வர வேண்டும். தெருவிளக்கும் வராந்தா விளக்கும் கெடுப்பது இந்தத் தேடலைத்தான். வெளிச்சத்தில் சிக்கிச் சுற்றிச் சுற்றியே சக்தி தீர்ந்துபோகிறது. விடிந்தால் சுவரிலிருந்து பறவைகள் கொத்திக்கொண்டு போகின்றன.

இரவில் சுவரில் கண்டால் விளக்கை அணையுங்கள். படத்துக்காகக் கையில் எடுக்காதீர்கள், தொட்டால் செதில் உதிரும். பகலென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். இருட்டியதும் தானாகவே கிளம்பிவிடும்.