42-க்கு அடுத்து என்ன?

1900 ஆகஸ்ட் 8. பாரிஸ் நகரின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது சர்வதேசக் கணித மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த 38 வயது டேவிட் ஹில்பர்ட் பேச எழுந்தார். இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்துக்கே வழி காட்டியதாக இன்று எல்லாப் பாடநூல்களும் கொண்டாடும் உரை அது. ஆனால் மாநாட்டின் முதன்மை மேடையில் அது நிகழவில்லை. கணித வரலாறு, கற்பித்தல் முறை ஆகியவற்றுக்கு ஒதுக்கிய இரண்டு பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்து நடத்திய ஓர் அமர்வில்தான் பேசினார். கைவசம் 23 தீராக் கணக்குகள் இருந்தன. நேரம் போதாதென்று பத்தை மட்டும் சொன்னார். பேசி முடித்ததும் அரங்கம் அதிரவில்லை. இத்தாலியக் கணிதவியலாளர் பியானோ எழுந்து, இதில் ஒன்றை எங்கள் ஆட்கள் ஏற்கெனவே முடித்துவிட்டார்களே என்கிற ரீதியில் ஏதோ சொன்னார். அவ்வளவுதான்.

அந்த மாநாட்டைப் பற்றி அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் இதழுக்கு எழுதியவர் சார்லட் ஸ்காட். பெண்கள் கணிதத் துறைக்குள் நுழைவதே அரிதாக இருந்த காலத்தில் பேராசிரியராக இருந்தவர். அவருடைய கட்டுரையில் ஒரு குமுறல் உண்டு: அறிஞர்கள் மேடையில் கட்டுரை வாசிக்கும் விதம் படுமோசம் என்று. கணிதக் கருத்தரங்கு எதிலாவது பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், இன்றும் அதையேதான் சொல்வார்கள்.

கணித மாநாடு என்றாலே நம் பத்திரிகைகளுக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம்தான் செய்தி. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேசக் கணித மாநாட்டின் தொடக்க விழாவில், நாற்பது வயதைத் தாண்டாத இரண்டு முதல் நான்கு பேருக்கு அதைக் கொடுப்பார்கள். முதல் நாள் கைதட்டலோடு நம் ஆர்வமும் முடிந்துவிடும். மாநாடோ அதற்குப் பிறகும் சுமார் ஒரு வாரம் நடக்கும். எல்லோருக்கும் பொதுவான ஒரு மணி நேர உரைகள் சுமார் இருபது. அவை போக எண் கோட்பாடு, இயற்கணிதம், வடிவியல், நிகழ்தகவு, கணித இயற்பியல் என்று சுமார் இருபது பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 45 நிமிட அழைப்புரைகள், ஒரே நேரத்தில் பல அறைகளில் நடக்கும். அவற்றுக்கும் கீழே குறுகிய உரைகள், சுவரில் ஒட்டிய போஸ்டர்கள். கையில் நிகழ்ச்சிநிரலை வைத்துக்கொண்டு எந்த அறைக்குப் போவது என்று தவிப்பதிலேயே காலைப்பொழுது கரைந்துவிடும்.

இதில் வெளியே பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்த அறைகளில் உட்கார்ந்திருக்கும் கணிதவியலாளர்களில் பலருக்கு, மேடையில் நடப்பது பாதிக்கு மேல் புரியாது. தப்பு அவர்கள் மேல் இல்லை. இயற்கணித வடிவியல்காரருக்கு நிகழ்தகவுக்காரரின் மொழி வேறு. பத்து நிமிடத்துக்குள் வரையறைகள் தலைக்கு மேல் போய்விடும். நிரூபணம் முழுதாக வேண்டுமென்றால் கட்டுரை இணையத்திலேயே இருக்கிறது. அப்படியானால் ஆயிரக்கணக்கான பேர் கண்டம் தாண்டி எதற்காக வருகிறார்கள்?

பிழையை நேருக்கு நேர் பார்க்கலாம் என்பது ஒரு காரணம். 1904-இல் ஹைடல்பர்க் மாநாட்டில் ஹங்கேரியின் ஜூலியஸ் கோனிக், கணிதவியலாளர் கான்டர் முடிவிலிகளைப் பற்றிச் சொன்ன ஆதாரக் கருத்து ஒன்று தவறு என்று நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். எல்லோரும் கேட்க வேண்டும் என்பதற்காக மற்ற அமர்வுகளையே ரத்து செய்தார்களாம். கான்டர் தன் மகள்களோடு அவையில் இருந்தார். அத்தனை பேர் முன்னிலையில் தன் வாழ்நாள் உழைப்பு சரிவதைக் கேட்பது எப்படி இருந்திருக்கும்! கோனிக் வேறொருவரின் தேற்றத்தை அது செல்லாத இடத்துக்கும் நீட்டியிருந்தார் என்பது வெகு சீக்கிரம் தெரிந்துவிட்டது. அந்த ஓட்டையை முதலில் கண்டவர் ஸெர்மெலோவா ஹவுஸ்டோர்ஃபா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 1993 ஜூனில் கேம்பிரிட்ஜ் பயிலரங்கில் மூன்று நாள் பேசி ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை முடித்த ஆண்ட்ரூ வைல்ஸுக்கும் பிறகு ஒரு இடைவெளி கண்டுபிடிக்கப்பட்டது. 1994 ஆகஸ்டில் ஜூரிக் மாநாட்டு மேடையில் அவர் ஏறியபோது அந்த ஓட்டை அடைபடாமலேயே இருந்தது. அடுத்த மாதம்தான் அடைத்தார்.

ஆனால் முக்கியமான காரணம் வேறு. அடுத்தவர் எதில் முட்டிக்கொண்டு நிற்கிறார் என்பதை எந்தக் கட்டுரையும் சொல்லாது. முடிந்த வேலைதான் அச்சில் வரும். முடியாத வேலை வாயில்தான் வரும், அதுவும் பெரும்பாலும் டீ குடிக்கும்போது.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட இடம் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் இருக்கும் ஓபர்வோல்ஃபாக் ஆய்வு மையம். 1944-இல் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு தலைப்பு, ஏறத்தாழ ஐம்பது பேர். மலைக் கிராமம், போனால் போன இடம்தான், ஊர் சுற்ற வழியில்லை. சாப்பாட்டு மேசையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை ஒவ்வொரு வேளையும் மாற்றுவார்கள். பெயர் எழுதிய உறையில் அவரவர் நாப்கின் இருக்கும். பணியாளர்கள் அதை இஷ்டத்துக்கு மாற்றி மாற்றி வைத்துவிடுவார்கள். நேற்று சேர்ந்தவரும் துறையின் ஜாம்பவானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடித்தாக வேண்டும். புதன்கிழமை மதியம் உரை கிடையாது, எல்லோரும் காட்டுக்குள் நடக்கப் போவார்கள். அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மேத்தமேடிக்ஸ் நடத்தும் பயிலரங்குகளில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். காலையில் இரண்டே உரை. மதியம் தீராத கேள்விகளைப் பட்டியல் போட்டு, குழு குழுவாகப் பிரிந்து வேலை. உரையாற்றியவரே பிற்பகலில் சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு, இங்கேதான் எனக்கு வழி தெரியவில்லை என்பார்.

டீயிலிருந்து தொடங்கி மாநாடு மாநாடாக வளர்ந்த கதை ஒன்று உண்டு. கணிதத்தில் எனக்குப் பிடித்த கதைகளில் முதலிடம் அதற்குத்தான்.

1972-இல் ஹியூ மான்ட்கோமரி என்ற இளைஞர் பிரின்ஸ்டனின் உயர் ஆய்வு நிறுவனத்துக்கு வந்திருந்தார். ரீமன் ஸீட்டா சார்பின் பூச்சியங்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்ற ரகசியமே அந்தப் பூச்சியங்களில்தான் இருக்கிறது. ஹில்பர்ட்டின் பட்டியலில் எட்டாவது கணக்கும் அந்தப் பூச்சியங்களைப் பற்றியதுதான். மாலை டீ வேளையில், லாகூரில் வளர்ந்த இந்தியக் கணிதவியலாளர் சர்வதமன் சௌலா அவரைப் பிடித்துக்கொண்டார். இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசனைச் சந்தித்தாயிற்றா என்று கேட்டார். வேண்டாம், அவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று இவர் நழுவப் பார்த்தார். சௌலா விடவில்லை, இழுத்துக்கொண்டுபோய் நிறுத்திவிட்டார். மான்ட்கோமரி தன் சூத்திரத்தைச் சொன்னதும் டைசன் நிமிர்ந்தார். யுரேனியம் போன்ற கனமான அணுக்கருக்களின் ஆற்றல் நிலைகளை விளக்க இயற்பியலாளர்கள் பயன்படுத்தும் தற்போக்கு அணிகளில் வருவதும் அதே சூத்திரம்தான்! பகா எண்ணுக்கும் அணுக்கருவுக்கும் என்ன சம்பந்தம்? அன்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த காட்சி 1996, சியாட்டில். பகா எண் தேற்றம் நிரூபிக்கப்பட்டு நூறு ஆண்டு நிறைந்ததை ஒட்டி, எண் கோட்பாட்டுக்காரர்களையும் இயற்பியலாளர்களையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். அங்கே எண் கோட்பாட்டாளர் பீட்டர் சார்னக் இயற்பியலாளர்களைச் சீண்டினார். ஒற்றுமை ஒற்றுமை என்கிறீர்களே, எங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள் பார்க்கலாம். 42 எங்கிருந்து வருகிறது என்று விளக்குங்கள் என்றார்.

அதென்ன 42? ஸீட்டா சார்பை ஒரு குறிப்பிட்ட கோட்டின் மேல் பார்த்தால் அது நீண்ட மலைத்தொடரைப் போல ஏறி இறங்கும். அதன் சராசரி உயரத்தை அறிவது பகா எண்களைப் பற்றிய பல கேள்விகளுக்கு உதவும். உயரத்தை இரண்டாம் படிக்கு உயர்த்திச் சராசரி எடுத்தால் என்ன வரும் என்று ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1918-இல் கண்டார்கள். நான்காம் படியை 1926-இல் இங்கம் முடித்தார். இரண்டு விடைகளிலும் மற்ற பகுதிகளுக்கு எல்லாம் விளக்கம் இருந்தது. ஒட்டிக்கொண்டு வரும் ஒரு முழு எண்ணுக்கு மட்டும் விளக்கம் இல்லை. முதல் விடையில் அது 1. இரண்டாவதில் 2. ஆறாம் படிக்கு எந்த எண் வரும்? பிரயன் கோன்ரியும் அமித் கோஷும் பெரும்பாடுபட்டு ஊகித்த விடை 42. 1, 2, 42. அடுத்து என்ன வரும் என்பது பற்றி யாருக்கும் துப்பில்லை.

சார்னக்கின் சவாலை எடுத்துக்கொண்டவர் அன்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோனத்தன் கீட்டிங். கூடச் சேர்ந்தவர் அவருடைய ஆய்வு மாணவி நினா ஸ்னெய்த். இருவரும் ஸீட்டாவை மறந்துவிட்டு, தற்போக்கு அணிகளிலேயே அதே சராசரியைக் கணக்கிட்டார்கள். அங்கே அது துல்லியமாக முடிந்தது. சூத்திரம் ஒன்று கிடைத்தது. ஆறாம் படிக்கு, ஆறில் பாதியான மூன்றை அதில் போட்டால் 42 வந்தது. கால்குலேட்டர் இருந்தால் நீங்களும் போட்டுப் பார்க்கலாம். 1-லிருந்து 9 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 3,62,880. அதை 6-ஆல் வகுத்து, 24-ஆல் வகுத்து, 60-ஆல் வகுத்தால் 42.

மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு எண் பொருந்துவது தற்செயலாகவும் இருக்கலாம். 1998-இல் வியன்னாவின் ஷ்ரோடிங்கர் நிறுவனத்தில் இந்தத் துறைக்காரர்கள் மறுபடி கூடினார்கள். அதற்குள் கோன்ரி, ஸ்டீவன் கோனெக்குடன் சேர்ந்து முற்றிலும் வேறு வழியில், எண் கோட்பாட்டு வழியில், எட்டாம் படிக்கான எண்ணை ஊகித்திருந்தார்: 24,024. இது தெரிந்ததும் கீட்டிங்கும் ஸ்னெய்த்தும் தங்கள் சூத்திரத்தில் நான்கைப் போட்டுக் கரும்பலகையிலேயே கணக்கிட ஆரம்பித்தார்கள். 1-லிருந்து 16 வரை பெருக்க வேண்டும், சுமார் 20.9 லட்சம் கோடி வரும். அதை 24, 120, 360, 840 என வரிசையாக வகுக்க வேண்டும். ஒரு பக்கம் அணுக்கருவின் கணக்கு, மறுபக்கம் பகா எண்ணின் கணக்கு. வந்த விடை 24,024.

இரண்டு தரப்பும் வீட்டிலிருந்தபடியே கட்டுரை அனுப்பியிருந்தாலும் இது ஒருநாள் வெளிவந்திருக்கும் என்று வாதிடலாம். வந்திருக்கலாம். ஆனால் 42 என்ற எண்ணை ஒருவர் கேலியாக இன்னொருவர் முன் வைக்காமல் இருந்திருந்தால், கீட்டிங் அந்தக் கணக்கையே போட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 42-ம் 24,024-ம் இன்றும் ஊகங்களே. ஹார்டி, லிட்டில்வுட், இங்கம் நிறுத்திய இடத்தைத் தாண்டி முழு நிரூபணம் வரவில்லை.

இந்தியாவுக்குச் சர்வதேசக் கணித மாநாடு வந்தது ஒரே ஒரு முறை. 2010 ஆகஸ்ட் 19 முதல் 27 வரை ஹைதராபாத்தில், எம்.எஸ். ரகுநாதன் தலைமையிலான குழு நடத்தியது. சுமார் 3,000 பேர் வந்தார்கள். விஸ்வநாதன் ஆனந்த் ஒரே நேரத்தில் 40 பேரோடு சதுரங்கம் ஆடியதும், அதில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் டிரா செய்ததும் நாளேடுகளில் வந்தது. ராமானுஜன் பற்றிய ஆங்கில நாடகம் மேடையேறியதும் வந்தது. நம் ஊர்க்காரர் ஒருவர் பொது உரை நிகழ்த்தியது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்து, மும்பை டாடா நிறுவனத்தில் ஆய்வு செய்த ராமன் பரிமளாதான் அவர். அந்தப் பொது உரை மேடையின் சரித்திரம் தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 1932-இல் ஜூரிக்கில் எம்மி நோதர் பேசினார். அவருக்குப் பிறகு பொது உரைக்கு ஒரு பெண்ணை அழைத்தது 1990-இல், கியோட்டோவில், கேரன் ஊலன்பெக்கை. இடையில் 58 ஆண்டுகள்!

மாநாட்டுக்கு வர முடியாதவர்கள், வரப் பெரும்பாடுபட்டவர்கள் பட்டியலும் நீளம்தான். 1950-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற லோரான் ஷ்வார்ட்ஸுக்கு, அவருடைய இடதுசாரிப் பின்னணியால், அமெரிக்க விசா கிடைப்பதே பெரும்பாடானது. 1978-இல் மார்குலிஸை ஹெல்சின்கிக்கு வந்து பதக்கம் வாங்கிக்கொள்ள சோவியத் அரசு விடவில்லை. 2022-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடக்க வேண்டியது, ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததால் இணையத்துக்கு மாறியது. பதக்கம் வழங்கிய விழா மட்டும் ஹெல்சின்கியில் நடந்தது. உரைகளை உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்க முடிந்தது என்பது நல்ல விஷயம். இடைவேளையில் யாரும் யாரையும் டைசனிடம் இழுத்துக்கொண்டு போக முடியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2026 மாநாட்டுக்குத் தேர்ந்தெடுத்த இடம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா. விசா பற்றிய பேச்சும் கூடவே வந்துவிட்டது.

மதுரையிலோ திருநெல்வேலியிலோ எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் மாணவர் இந்த மாநாட்டுக்குச் செலவு செய்து போக வேண்டியதில்லை. இதுவரை நடந்த மாநாடுகளின் உரைத்தொகுதிகள் எல்லாவற்றையும் சர்வதேசக் கணித ஒன்றியம் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பதக்கம் வாங்கியவர்களின் பக்கத்தை முதலில் திறக்காதீர்கள். உங்கள் பாடத்துக்கு நெருக்கமான ஒரு பிரிவை எடுத்து, அதிலுள்ள 45 நிமிட உரைகளின் கடைசி இரண்டு பக்கங்களை மட்டும் வாசியுங்கள். தனக்கு இன்னும் தெரியாததை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் எழுதுகிறார்கள்.