காதுக்குள் ஓயாத இரைச்சல்: தறியிலும் பட்டறையிலும் உழைப்போர் அறிய வேண்டியவை



மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வருவோரில் கண்ணுக்காக வருபவர் உண்டு, சிறுநீரகத்துக்காக வருபவர் உண்டு, இதயத்துக்காக வருபவர் உண்டு. காதுக்காக வருபவர் அபூர்வம். காது கெடும்போது வலிப்பதில்லை. இரத்தம் வருவதில்லை. வேலைக்குப் போவதும் தடைப்படுவதில்லை. இருபது வருடம் தறி ஓட்டியவர், "ராத்திரி படுத்தா காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரி இருக்கு" என்று வீட்டில் சொல்வார். "வயசாச்சுல்ல" என்று பதில் வரும். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அவருக்கு வயது நாற்பத்தைந்துகூட ஆகியிருக்காது.

இந்த இதழில் அந்த வண்டுச் சத்தத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

காதின் உட்பகுதியில் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மிக நுண்ணிய மயிர்களைக் கொண்ட செல்கள், பிறக்கும்போது ஒவ்வொரு காதிலும் சுமார் 15 ஆயிரம் இருக்கும். வெளியிலிருந்து வரும் ஒலி அதிர்வை நரம்புக்கு ஏற்ற செய்தியாக மாற்றுவது இவைதான். பெருஞ்சத்தம் இந்த மயிர்களை வளைக்கிறது, ஒடிக்கிறது. ஒரு நாள் சத்தத்தில் வளைந்தவை ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். கச்சேரியோ வெடிச்சத்தமோ கேட்ட பிறகு சில மணி நேரம் காது அடைத்தது போலிருந்து சரியாவது அதனால்தான். ஓய்வே கொடுக்காமல் தினமும் அடி விழுந்தால் செல் செத்துவிடும். பறவைகளுக்கு இந்தச் செல்கள் மறுபடி முளைக்கின்றன. மனிதருக்கு முளைப்பதில்லை. இழந்ததைத் திருப்பித் தரும் மாத்திரை இன்றுவரை இல்லை.

அப்படியானால் சத்தம் எங்கிருந்து வருகிறது? ரேடியோவில் நிலையம் சரியாகக் கிடைக்காதபோது ஒலியைக் கூட்டினால் வெறும் இரைச்சல் கேட்கும் அல்லவா, ஏறக்குறைய அதே கதைதான். காதிலிருந்து சில ஒலிகள் வராமல் போனதும் மூளை தன் பக்கத்தில் ஒலியைக் கூட்டிக் கொள்கிறது. கூட்டிய இடத்தில் இரைச்சல் பிறக்கிறது. அதனால்தான் காதிரைச்சல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் செவித்திறனும் ஓரளவு குறைந்திருக்கும். இரைச்சலை மட்டும் தனியாக நிறுத்தப் பார்ப்பவர்கள் ஏமாந்து போவதும் இதனால்தான்.

சத்தத்தால் வரும் இழப்பு முதலில் உயர்ந்த ஒலிகளைத் தாக்கும். செவிப் பரிசோதனை வரைபடத்தில், அதாவது ஆடியோகிராமில், 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். இப்படிப்பட்டவருக்குப் பேச்சு காதில் விழும், விளங்காது. ச, ஸ, ஷ போன்ற மெல்லிய உயர் ஒலிகள் நழுவிவிடும். பெண்கள் பேசுவதும் பிள்ளைகள் பேசுவதும் ஆண்கள் பேச்சைவிடக் கஷ்டமாகத் தெரியும். கல்யாண வீட்டு இரைச்சலில் எதிரே இருப்பவர் சொல்வது ஒன்றுமே பிடிபடாது. "கூப்பிட்டா கேக்குது, சொன்னா கேக்கல" என்று வீட்டார் கோபப்படுவார்கள். அவர் வேண்டுமென்று செய்வதாக நினைத்து எத்தனையோ வீடுகளில் மனக்கசப்பு வந்திருக்கிறது.

எவ்வளவு சத்தம் ஆபத்து? 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. இந்த அளவில் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்று, 97 என்றால் அரை மணி. இப்போது ஈரோடு, குமாரபாளையம், சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறிக் கூடங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு தறியில் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துத் தள்ளப்படுகிறது. தகரக் கூரையின் கீழ் அப்படிப் பத்துத் தறி. இத்தகைய கூடங்களில் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அங்கே ஒரு ஷிப்ட் என்பது பன்னிரண்டு மணி நேரம். கிரைண்டிங் பட்டறை, பாத்திரப் பட்டறை, கல் உடைக்கும் இடம், ஜெனரேட்டர் அறை, வளைகுடாவில் கட்டுமானத்தில் டிரில்லிங் பார்க்கும் நம் பிள்ளைகள் என எல்லோருக்கும் இதே கணக்குத்தான். கருவி இல்லாமலே அறிய ஒரு வழி உண்டு. ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாது.

காதை அடைத்துக் கொண்டு வேலை செய்யச் சொன்னால் தறிக்காரர் சொல்லும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "அடைச்சுக்கிட்டா தறி சத்தம் மாறுறது தெரியாது, நூல் அறுந்தா தெரியாது." இதே பதிலை மேலை நாடுகளில் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகிறவர்களும் சொல்கிறார்கள். (நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டைக்குக் கதவு மூடியாயிற்று.) சருகு அசையும் ஒலி கேட்டாக வேண்டும் என்பதற்காகக் காதைத் திறந்து வைத்துக் கொள்கிறார்கள். துப்பாக்கி வெடிக்கும்போது எழும் சத்தமோ 140 டெசிபலுக்கு மேல். பாதுகாப்பில்லாத ஒரே வெடி போதும், நிரந்தர இரைச்சலை விட்டுப் போக. வலது தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் கூடுதலாகக் கெடும். குழல் முனைக்கு அந்தக் காது பக்கம், வலது காதைத் தலையே மறைத்துக் கொள்கிறது. கடைசியில் எந்தச் சருகு ஒலிக்காகக் காதைத் திறந்து வைத்தார்களோ அதுதான் முதலில் கேட்காமல் போகிறது. தறிக்காரருக்கும் அதுவே நடக்கிறது.

வேட்டைக்காரர்களுக்காக மின்னணுக் காதுமூடிகள் வந்துவிட்டன. மெல்லிய ஒலியை உள்ளே விடும், பெருஞ்சத்தம் வந்தால் அந்தக் கணமே தடுத்துவிடும். ஏற்கெனவே செவி குறைந்து, எச்சரிக்கை மணியோ வண்டி ஹாரனோ கேட்டாக வேண்டிய வேலையில் இருப்பவருக்கு இது பொருந்தும். விலை அதிகம்தான். மற்றவர்களுக்குச் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பஞ்சுரப்பர் அடைப்பானே போதும், அதைச் சரியாகப் போடத் தெரிந்திருந்தால். பெரும்பாலோர் அதைக் காது வாசலில் சும்மா செருகி வைக்கிறார்கள். முதலில் கையைச் சுத்தமாகக் கழுவுங்கள். அடைப்பானை விரலால் மெல்லிய திரி போல உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டு வந்து காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுத்துக் கொண்டு, திரியை உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். உங்கள் குரலே தொட்டிக்குள்ளிருந்து வருவது போல உங்களுக்குக் கேட்டால் சரியாகப் பொருந்திவிட்டது. வெறும் பஞ்சு வைப்பது ஏறக்குறைய ஒன்றும் வைக்காததற்குச் சமம். தலையில் மாட்டும் காதுமூடியைத் தொப்பிக்கு மேலோ துப்பட்டாவுக்கு மேலோ வைத்தால் இடைவெளி வழியாகச் சத்தம் புகும். மூடி முதலில், துணி அதற்கு மேல். இரண்டு மூன்று வாரம் பழகினால், அடைப்பானோடும் தறியின் சத்த வேறுபாடு தெரிய ஆரம்பிக்கும்.

இரைச்சல் வந்துவிட்டவர் என்ன செய்வது?

முதலில் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். எல்லா இரைச்சலும் சத்தத்தால் வந்ததல்ல. காதில் அழுக்கு அடைத்திருந்தாலே இரைச்சல் வரும். அதை எடுத்ததும் போய்விடும். இரத்த அழுத்தம், இரத்தசோகை, தைராய்டு ஆகியவையும் காரணமாகலாம். சில மருந்துகளும் காதைப் பாதிக்கும். அமிகாசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகள், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின், அதிக அளவில் ஆஸ்பிரின் போன்றவை இவ்வகை. அதனால் சாப்பிடும் மருந்துச் சீட்டுகளை எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். சூடான எண்ணெய், வெங்காயச் சாறு, தாய்ப்பால் எதையும் காதில் ஊற்ற வேண்டாம். சவ்வில் ஓட்டை இருந்தால் சீழ் பிடித்துவிடும்.

ஒன்றை மட்டும் தடித்த எழுத்தில் எழுதியதாக எண்ணிப் படியுங்கள். நேற்று வரை நன்றாகக் கேட்ட ஒரு காது இன்று திடீரெனக் கேட்காமல் போனால் அது அவசரம். "சளி, இறங்கிடும்" என்று காத்திருக்க வேண்டாம். முதல் சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால் செவி திரும்பும் வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் கடந்துவிட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஒரே காதில் மட்டும் ஓயாத இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து துடிக்கும் இரைச்சல், இரைச்சலோடு தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் இழுத்தல், இவற்றுக்கும் தாமதம் கூடாது.

பரிசோதனையில் வேறு கோளாறு எதுவும் இல்லை, சத்தத்தால் வந்த இரைச்சல்தான் என்று தெரிந்தால், அதோடு வாழப் பழகுவதுதான் வழி. இதைக் கேட்டதும் மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மூளை அந்தச் சத்தத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் ஒலி நமக்குக் கேட்காமல் போவது போலத்தான். அதற்குத் தடையாக இருப்பது பயமும் முழு நிசப்தமும். அதனால் இரவில் அறையை நிசப்தமாக வைக்காதீர்கள். மின்விசிறி ஓடட்டும், மெல்லிய ஒலியில் கிராஅத்தோ மழைச் சத்தமோ ஒலிக்கட்டும். இரைச்சலை முழுக்க மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்கக் கூடாது, அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். தூக்கம் கெட்டவருக்கும் பதற்றம் மிகுந்தவருக்கும் மனநல ஆலோசகர் தரும் பேச்சுப் பயிற்சி உண்மையிலேயே பலன் தருகிறது. கைப்பேசி விளம்பரத்தில் "ஏழு நாளில் குணம்" என்று விற்கும் சொட்டு மருந்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

செவி குறைந்தவருக்குக் காது மெஷின் இரண்டு வேலை செய்கிறது. பேச்சை விளங்க வைக்கிறது, வெளியொலி திரும்ப வருவதால் இரைச்சலும் அடங்குகிறது. மெஷின் என்பது மூக்குக் கண்ணாடி போல அவரவர் ஆடியோகிராமுக்கு ஏற்ப அமைக்கப்பட வேண்டியது. மாமனாருடையதை மருமகன் மாட்டிக் கொள்வதோ, எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகப் பெருக்கும் மலிவுக் கருவியை இணையத்தில் வாங்குவதோ மீதமிருக்கும் செவியையும் கெடுக்கும். முதல் சில வாரம் பாத்திரச் சத்தம்கூட அறைவது போல இருக்கும். அந்த வாரங்களில்தான் பலர் மெஷினைப் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். தினமும் இரண்டு மணி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டினால் பழகிவிடும்.

தொழுகையாளிகளுக்கு ஒரு குறிப்பு. ஒளுச் செய்யும் முன் மெஷினைக் கழற்றி உலர்ந்த பெட்டியில் வையுங்கள், ஹவுளின் விளிம்பில் வைக்காதீர்கள். காதை மஸஹ் செய்த பின் ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். மெஷின் பழுதாவதற்கு முக்கியக் காரணம் ஈரம்தான். ஜும்ஆ பயான் விளங்கவில்லை என்று சொல்பவருக்காக ஒலிபெருக்கியைக் கூட்டுவது பல பள்ளிவாசல்களில் நடக்கிறது. சத்தம் சுவரில் எதிரொலித்து இன்னும் குழம்பத்தான் செய்யும். இமாமின் முகம் தெரியும் முன் ஸஃபில் அவருக்கு இடம் விட்டுக் கொடுப்பது அதைவிட நல்லது. சில மெஷின்களில் ‘டி’ என்றொரு அமைப்பு உண்டு. பள்ளியில் தரைவிரிப்பின் கீழ் கம்பி வளையம் பதித்து ஒலிவாங்கியோடு இணைத்தால், பயான் நேராக அவர் காதுக்குள் வந்துவிடும். புதிதாகப் பள்ளி கட்டும் ஜமாஅத்தார் மின்வேலை நடக்கும்போதே இதைக் கேட்டு வைக்கலாம்.

வீட்டில் இருப்போர் செய்ய வேண்டியது சிறிதுதான். முதுகுக்குப் பின்னாலிருந்தும் அடுப்படியிலிருந்தும் பேசாமல், முன்னால் வந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். விளங்காவிட்டால் அதே வார்த்தையை உரக்கக் கத்தாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். "ஒன்றுமில்லை, விடுங்க அத்தா" என்ற பதில் அவரைப் பேச்சிலிருந்தே ஒதுக்கிவிடுகிறது.

இனி உதவிகள். சத்தத்தால் வரும் செவி இழப்பை நம் நாட்டுச் சட்டம் தொழில்சார் நோயாக ஏற்றுக் கொண்டுள்ளது. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் வேலையில் இருக்கும்போதே ஆடியோகிராம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வேலையை விட்ட பிறகு நிரூபிப்பது கஷ்டம். சிறு தறிக்கூடங்களில் இ.எஸ்.ஐ. கிடையாது என்பது நமக்குத் தெரியும். அவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காதுப் பிரிவுக்குப் போகலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சொலிகளில் இரு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால் செவித்திறன் குறைந்தவர், 70க்கு மேல் என்றால் காது கேளாதவர். 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்று கிடைத்தவர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விலையில்லாக் காது மெஷினுக்கு விண்ணப்பிக்கலாம். ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, புகைப்படம், ஆடியோகிராம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

தறிக்காரர்களில் பலருக்கு இழப்பு 40, 50 டெசிபலில் நின்றுவிடும். பேச்சு விளங்காது, சட்டத்தின் அளவுக்கும் எட்டாது. சான்றும் கிடைக்காது, மெஷினும் கிடைக்காது. இப்படி நடுவில் நிற்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எடுத்த ஆடியோகிராமோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். கூடவே வீட்டில் ஒருவரையும் அழைத்து வாருங்கள். உங்களுக்கு எது கேட்கவில்லை என்பதை உங்களைவிட அவர்தான் சரியாகச் சொல்வார்.