விழாப் பந்தலில் தீ: பொறுப்பு யாருடையது?

துர்க்கா பூஜையாயினும், விநாயகர் சதுர்த்தியாயினும், பள்ளி ஆண்டு விழாவாயினும், பந்தலும் ஜோடனையுமின்றி நம் நாட்டில் விழா நிறைவு பெறுவதில்லை. துணியும் மூங்கிலும் காகிதத் தோரணமும் சர விளக்குகளும் ஒன்றுகூடும் இடத்தில், சிறியதொரு மின்கசிவே பெருந்தீக்குப் போதுமானது. அத்தீயில் காயமுற்றோர்க்கும் உயிரிழந்தோர் குடும்பத்தார்க்கும் நஷ்ட ஈடு வழங்கக் கடமைப்பட்டவர் யார்? பந்தல் போட்டவரா, விழா நடத்தியவரா, அனுமதி அளித்த அதிகாரியா? இவ்வினாவிற்கு நீதிமன்றங்கள் தெளிவான விடை அளித்துள்ளன.

1995 டிசம்பர் 23 அன்று ஹரியானா மாநிலத்து டப்வாலியில், திருமண மண்டபம் ஒன்றில் நடைபெற்ற பள்ளி விழாவின்போது பந்தல் தீப்பற்றியது. செயற்கை இழைத் துணி உருகி, எரிந்தவண்ணம் கூட்டத்தின் மீது விழுந்தது. குழந்தைகள் உட்பட 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2009-இல் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம், நஷ்ட ஈட்டில் 55 சதவிகிதத்தை விழாத் தரப்பினரும் 45 சதவிகிதத்தை அரசுத் தரப்பினரும் ஏற்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

2006 ஏப்ரல் 10 அன்று உத்தரப் பிரதேசத்து மீரட் நகரில், விக்டோரியா பூங்காவில் நடைபெற்ற நுகர்பொருள் கண்காட்சியின் பந்தல் எரிந்து 65 பேர் உயிரிழந்தனர். பந்தல் வேலையையும் மின்சார வேலையையும் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என அமைப்பாளர்கள் வாதிட்டனர். 2022-இல் உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. மக்கள் வந்தது அமைப்பாளர்களின் அழைப்பின்பேரில். ஒப்பந்தக்காரரை நியமித்தவர்களும் அவர்களே. ஆகவே அமைப்பாளர்கள் 60 சதவிகிதமும், கடமை தவறிய அரசு 40 சதவிகிதமும் ஏற்க வேண்டும் என நீதிமன்றம் முடிவு செய்தது.

இத்தீர்ப்புகளிலிருந்து பெறப்படும் நெறி எளிது. அழைத்தவரே முதற் பொறுப்பாளர்; ஒப்பந்தப் பத்திரம் அவரைக் காப்பாற்றாது. மேற்பார்வைக் கடமையைச் செய்யத் தவறிய அதிகார அமைப்பும் பொறுப்பில் பங்கு பெறும்.

குற்றவியல் பொறுப்பு இதனின்றும் வேறானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவு, பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் நெருப்பை அசட்டையாகக் கையாள்வோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைந்தால் 106-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. ஆயினும் தண்டனை, பாதிக்கப்பட்ட குடும்பத்தின் இழப்பை ஈடு செய்வதில்லை. அதற்கு உரிமையியல் வழக்கே வழி. இறந்தவரின் வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரலாம். மரணம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே இதற்குரிய காலவரம்பு என்பதை மறத்தலாகாது.

உரிமை உறுதியானதெனினும் அது கைவரும் காலம் நீண்டது. டப்வாலிக் குடும்பங்கள் உயர்நீதிமன்றத் தீர்ப்பிற்காகவே பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தன; மீரட்டில் பொறுப்பு யாருடையதென முடிவாவதற்குப் பதினாறு ஆண்டுகளாயின. தீக்காயத்தால் உழைக்கும் திறனை இழந்தவருக்கு இக்காத்திருப்பே இன்னொரு தண்டனையாகும்.

எனவே பொறுப்பு என்பது விபத்திற்குப் பின்னர் நீதிமன்றத்தில் தொடங்குவதன்று. பந்தற்கால் நடும் நாளிலேயே தொடங்குகிறது. தற்காலிகப் பந்தல்களின் தீப்பாதுகாப்பிற்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 8758 என்ற நெறிமுறையை வகுத்துள்ளது. செயற்கைத் துணியையும் செயற்கைக் கயிற்றையும் தவிர்த்தல், மின்கம்பிகளைத் தகுதி பெற்றவரைக் கொண்டு பொருத்துதல், வெளியேறும் வழிகளைத் தடையின்றி வைத்தல், தண்ணீரையும் மணலையும் தயாராக வைத்தல் ஆகியவை பெருஞ்செலவு கோருபவை அல்ல. அனுமதி அளிக்கும் அதிகாரி, கையொப்பமிடுமுன் பந்தலை நேரில் பார்வையிட வேண்டும். விழாக் குழுவினரும் அழைப்பிதழ் அச்சிடும் அன்றே, வருவோரின் உயிர்ப் பாதுகாப்பையும் தாம் ஏற்றுக்கொண்டுவிட்டதை உணர்தல் வேண்டும்.