இறங்காத ஊருக்கு எதற்கு விசா?

என் மச்சான் சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கிறார். போன வருஷம் ஒரு பார்ட்டியைப் பார்க்க வியட்நாமின் ஹோசிமின் நகரத்துக்குக் கிளம்பினார். டிக்கெட் போட்டது நான்தான். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து ஹோசிமினுக்கு வேறொரு கம்பெனியில் தனி டிக்கெட். ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிட ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சம் என்று பெருமை வேறு. வியட்நாம் இ-விசா கையில் இருந்தது. பீளமேடு ஏர்போர்ட்டில் அவரை இறக்கிவிட்டு கருமத்தம்பட்டி வந்து சேர்ந்து, கை கால் கழுவக்கூட இல்லை, போன் வந்துவிட்டது.

"ஏனுங்க மாப்ள, சிங்கப்பூர் விசா எங்கேங்கறாங்க. நான் அந்த ஊருக்குள்ளயே போகலியே, அப்புறம் எதுக்குங்க?"

அன்றைக்கு அவரை ஏற்றவில்லை. இரண்டு டிக்கெட் காசும் போயிற்று. கவுண்டரில் இருந்தவர் மேல் தப்பில்லை, தப்பு முழுக்க என்னுடையது. தனித்தனி டிக்கெட் என்றால், முதல் கம்பெனிக்கு சிங்கப்பூர்தான் கடைசி ஊர். மச்சானின் துணி சாம்பிள் பெட்டி சிங்கப்பூர் பெல்ட்டில் வந்து விழும். அந்த பெல்ட் இமிகிரேஷனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பெட்டியை எடுக்க வேண்டுமானால் சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டும், நுழைய இந்தியருக்கு விசா வேண்டும். கைப்பை மட்டும் இருந்து, அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸும் முன்கூட்டியே கையில் இருந்திருந்தால், உள்ளேயே உட்கார்ந்து மாறிப் போயிருக்கலாம். இந்தியர்களுக்கு 96 மணி நேர விசா இல்லா ட்ரான்சிட் சலுகை ஒன்றும் சிங்கப்பூரில் உண்டு. ஆனால் அதற்கு அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற குறிப்பிட்ட சில நாடுகளின் விசா பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும். வியட்நாம் அந்தப் பட்டியலில் இல்லை.

இது வரை புரிந்துவிட்டது. எனக்கு உறுத்தியது வேறு. சிங்கப்பூர் சட்டத்தை, கோயமுத்தூரில், ஒரு விமான கம்பெனி ஊழியர் ஏன் காவல் காக்க வேண்டும்? அவர் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் டிமாடிக் என்றொரு தரவுத்தளம் ஓடுகிறது. ஐயாட்டா நடத்துவது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எந்த ஊர் வழியாக, எங்கே போகிறார் என்று கொடுத்தால் ஏற்றலாமா கூடாதா என்று விதியைச் சொல்லும். நம் பாஷையில் சொன்னால் பெரிய இஃப்-எல்ஸ். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போனால், திருப்பிக் கொண்டுவருவது கம்பெனி பொறுப்பு. பல நாடுகளில் அபராதமும் உண்டு. இந்த அபராதம் எப்படி வந்தது என்று தேடப்போய், தமிழர்களிடம் வந்து நின்றேன்.

1983 கலவரத்துக்குப் பின் ஈழத் தமிழர்கள் பிரிட்டனுக்குத் தப்பி வர ஆரம்பித்தார்கள். 1985-ல் பிரிட்டன் இலங்கையருக்கு விசா கட்டாயம் என்றது. காமன்வெல்த் நாடுகளில் முதலில் அப்படிக் கட்டுப்படுத்தப்பட்டது இலங்கைதான். 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ ஏர்போர்ட்டில் 58 தமிழர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றப் போனபோது, அந்தக் குளிரில், ஓடுதளத்தருகே துணியை அவிழ்த்துப் போட்டு உள்ளாடையோடு நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். பயணம் நின்றது, விஷயம் கோர்ட்டுக்குப் போனது. அடுத்த மாதமே பிரிட்டிஷ் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. அதுதான் 1987-ன் கேரியர்ஸ் லயபிலிட்டி சட்டம். உரிய ஆவணம் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமான கம்பெனிக்கு 1000 பவுண்டு அபராதம். 1991-ல் அது 2000 ஆனது. 1993-ல் இன்னொரு சட்டம், விமானம் மாற வருகிறவர்களிடமும் விசா கேட்கலாம் என்றது.

ஐரோப்பாவும் அதே வழியில்தான் போனது. ஏர்போர்ட் ட்ரான்சிட் விசா கேட்கப்பட வேண்டிய நாடுகள் என்று 1996-ல் ஐரோப்பிய யூனியன் போட்ட பொதுப் பட்டியலில் பத்து நாடுகள், அதில் இலங்கையும் ஒன்று. 2009-ன் ஷெங்கன் விசா விதிகளில் அது 12 நாடுகளானது. இலங்கை அப்போதும் இருந்தது. இந்தியா அதில் இல்லை. ஆனால் உறுப்பு நாடுகள் தனியாகவும் சேர்த்துக்கொள்ளலாம். ஜெர்மனியும் பிரான்சும் அப்படி இந்தியர்களிடம் பல வருஷம் கேட்டு வந்தன. இந்தத் தனிப்பட்டியல்கள் அடிக்கடி மாறும், பழைய தகவலை நம்பி டிக்கெட் போட வேண்டாம்.

ட்ரான்சிட் ஹால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத இடம் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பாரிஸின் ஓர்லி ஏர்போர்ட்டில் 20 நாள் பிடித்து வைக்கப்பட்ட சோமாலியர்கள் போட்ட வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பெயர் 'சர்வதேசப் பகுதி' என்றாலும் அது பிரான்ஸ் மண்தான். ஆக, அந்தத் தரையில் கால் வைத்தவர் அடைக்கலம் கேட்டால் அரசு காது கொடுத்தாக வேண்டும். கால் வைக்கவே விடாமல் இருந்தால்? அதற்குத்தான் வாசலை நம்ம ஊர் செக்-இன் கவுண்டர் வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். இது என் வாசிப்பு. சட்டம் படித்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே விமானம் மாறுகிறவரும் இமிகிரேஷன் தாண்டியாக வேண்டும், ஆகவே சி-1 ட்ரான்சிட் விசாவாவது வேண்டும். விசா இல்லாமல் மாற அனுமதித்த பழைய ஏற்பாட்டை 2003 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். பிரிட்டனில் இரண்டு வகை: வெளியே வராமல் மாறுவதற்கு ஒன்று, இமிகிரேஷன் தாண்டி வந்து மாறுவதற்கு ஒன்று. செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா விசா இருந்தால் முதல் வகை தேவைப்படாது. ஷெங்கனில் பலர் மாட்டுவது, உள்ளுக்குள்ளேயே இரண்டு ஏர்போர்ட் மாறும்போது. பிராங்பர்ட்டில் இறங்கி, மாட்ரிட் போய், அங்கிருந்து தென் அமெரிக்கா என்றால், பிராங்பர்ட்டிலேயே ஐரோப்பாவுக்குள் நுழைந்தாகிவிட்டது. அதற்கு ட்ரான்சிட் விசா போதாது, முழு ஷெங்கன் விசாவே வேண்டும்.

மச்சான் அடுத்த வாரம் ஒரே டிக்கெட்டில் போய் வந்தார். இந்த முறை நான் கூடவே கவுண்டர் வரை போகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். பெட்டியில் ஒட்டிய டேக்கை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார்: "ஹோசிமின்னு போட்டிருக்குதுங்களா, பாருங்க மாப்ள." போட்டிருந்தது.